பந்தயத் தடங்கள் – 17: இரட்டைப் பூஜ்ஜியம்

1963 ஜூன் 15, சனிக்கிழமை. லெ மான் 24 மணி நேரப் பந்தயம் தொடங்குகிற நாள். ஓடத் தயாராக இருந்த கார்களில் ஒன்றின் மேல் 00 என்று எழுதியிருந்தது. தடத்தில் ஓடப்போகிற கார்தான், ஆனால் போட்டிக் கணக்கில் சேராத கார். ஒரு நாள் முழுக்க ஓடலாம், யாரை வேண்டுமானாலும் முந்தலாம், முடிவுப் பட்டியலில் மட்டும் அதற்கு இடம் கிடையாது. கல்யாணத்துக்கு அழைத்துப் பந்தியிலும் உட்காரவைத்துவிட்டு, "உங்களுக்குத் தாம்பூலப் பை இல்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட மாதிரி.

ஃபெராரியும் ஃபோர்டும் கைகுலுக்க வந்து முறைத்துக்கொண்டு பிரிந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதுவும் இதே 1963தான். அந்தக் கோபத்திலிருந்து பிறந்த கார்கள் புத்தகங்களுக்கும் சினிமாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அதே தடத்தில் யார்மீதும் கோபமில்லாமல் ஓடிய ஒரு காரைப் பற்றித்தான் இந்த வாரம்.

விதிப்புத்தகம் எஞ்சினைச் சிலிண்டரின் கொள்ளளவை வைத்து வகை பிரிக்கிறது: ஒரு லிட்டர், இரண்டு லிட்டர், மூன்று லிட்டர். 00 எண் காரில் சிலிண்டரே இல்லை. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. விமானத்தில் இருப்பது போன்ற ஒரு டர்பைன், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டிருந்தது. இதை எந்த வகுப்பில் சேர்ப்பது? அமைப்பாளர்களான ஆட்டோமொபீல் கிளப் த லூயெஸ்ட் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போட்டிக்கு வெளியே நிறுத்தி, தனிப் பரிசு ஒன்றை அறிவித்தார்கள். டர்பைனில் ஓடும் கார் எதுவாக இருந்தாலும், 24 மணி நேரத்தில் 3,600 கி.மீ. ஓடி முடிக்கும் முதல் காருக்கு 25,000 ஃபிராங்க். சராசரி வேகம் மணிக்கு 150 கி.மீ. வந்தால் போதும்.

காரைச் செய்தது ரோவர். இங்கிலாந்தில் டாக்டர்களும் வங்கி மேலாளர்களும் வாங்குகிற, சத்தம் போடாத, மரியாதையான கார்களைச் செய்துகொண்டிருந்த கம்பெனி. நமக்கு லேண்ட் ரோவர் வழியாகப் பழக்கமான பெயர். இன்று டாடா குழுமத்தின் கையில் இருக்கிறது. பந்தயத்துக்கும் இவர்களுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ஜெட் எஞ்சினோடு பழைய உறவு ஒன்று இருந்தது, அதுவும் பாதியில் அறுந்த உறவு.

1940இல் பிரிட்டிஷ் அரசு ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினை உற்பத்தி செய்யும் பொறுப்பை ரோவரிடம் கொடுத்தது. இன்று லங்காஷயரில் இருக்கும் பார்னல்ட்ஸ்விக் என்ற ஊரில் ஒரு பழைய நெசவாலைக்குள் வேலை நடந்தது. விட்டில் ஒரு வரைபடத்தைக் கொடுப்பார், ரோவர் ஆட்கள் அதைத் தங்கள் யோசனைப்படி மாற்றுவார்கள், விட்டில் கொதிப்பார். இரண்டு வருடம் இப்படியே இழுத்தது. 1942இன் இறுதியில் பக்கத்து ஊரான கிளித்தரோவில், ஸ்வான் அண்ட் ராயல் என்ற விடுதியில், ரோல்ஸ் ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸும் ரோவரின் ஸ்பென்சர் வில்க்ஸும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். போர்க்காலம். எவ்வளவு பெரிய விடுதியானாலும் ஒரு சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம். அந்த ஐந்து ஷில்லிங் சாப்பாட்டில் பண்டமாற்று முடிந்தது. ஜெட் எஞ்சின் வேலை ரோல்ஸ் ராய்ஸுக்கு, நாட்டிங்ஹாமில் இருந்த டாங்கி எஞ்சின் தொழிற்சாலை ரோவருக்கு. ரோல்ஸ் ராய்ஸ் பிறகு ஜெட்டில் என்ன ஆனது என்பது ஊரறிந்த விஷயம். ரோவருக்கும் அன்றைக்கு அது நல்ல பேரமாகத்தான் தெரிந்திருக்கும்.

கொடுத்துவிட்டாலும் மனம் விடவில்லை. போர் முடிந்ததும் ஸ்பென்சரின் தம்பி மாரிஸ் வில்க்ஸ் (லேண்ட் ரோவரை யோசித்தவர் இவர்தான்) சின்னதாக ஒரு டர்பைன் செய்து காரில் வைத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினார். ரோல்ஸ் ராய்ஸில் பயிற்சி முடித்திருந்த குடும்பத்துப் பையன் ஸ்பென் கிங்கும் சேர்ந்துகொண்டார். 1950 மார்ச்சில் உலகின் முதல் டர்பைன் கார் வெளியே வந்தது. நம்பர் பிளேட்டில் ஜெட் 1 என்றே எழுதியிருந்தார்கள். 1952இல் பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில் அது மணிக்கு 240 கி.மீ.க்கும் மேல் போனது. பிறகு டி3, அதற்குப் பிறகு 1961இல் டி4. டி4 ஒரு முழுமையான குடும்பக் கார். நான்கு பேர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். 1962இல் லெ மான் பந்தயத்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய்த் தடத்தில் காட்சிக்கு ஓட்டினார்கள். சுற்றி வந்த அந்தக் குடும்பக் கார்தான் அடுத்த ஆண்டின் யோசனைக்கு வழி திறந்தது.

ரோவரிடம் எஞ்சின் இருந்தது, பந்தயச் சட்டகம் இல்லை. அதற்காக லிங்கன்ஷயரின் போர்ன் ஊரில் இருந்த பிஆர்எம் குழுவை அணுகினார்கள். 1962இல் கிரஹாம் ஹில்லை உலக சாம்பியன் ஆக்கிய குழு. அவர்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பட்டறையில் ஓர் அடிபட்ட கார் கிடந்தது. 1962 மொனாக்கோ பந்தயத்தில், கொடி அசைந்த சில விநாடிகளில், ரிச்சி ஜிந்தரின் காரில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு முதல் வளைவிலேயே மற்ற கார்கள்மேல் போய் மோதியது. பிய்ந்து பறந்த சக்கரம் பட்டு ஒரு தடப் பணியாளர் இறந்துபோனார். அந்தக் காரின் சட்டகத்தை எடுத்து அகலப்படுத்தி, இரண்டு பேர் உட்காரும் வகையில் மாற்றி, பின்னால் டர்பைனை ஏற்றி, மேலே அலுமினியக் கூடு போர்த்தினார்கள். கூரை இல்லை. ஓட்டுநர்கள் ஹில்லும் அதே ஜிந்தரும். தன்னை மொனாக்கோவில் சுவரைப் பார்க்க வைத்த காரிலேயே, ஜிந்தர் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று புரிய வேண்டுமானால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அது வீசும் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே காற்றைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. ரோவரின் எஞ்சினும் கிட்டத்தட்ட இதுதான். முன்னால் ஒரு சக்கரம் காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அந்தக் காற்றில் மண்ணெண்ணெய் இடைவிடாமல் எரிகிறது. பம்ப் ஸ்டவ் பற்றவைத்துப் பழகியவர்களுக்கு அந்த இரைச்சல் காதில் கேட்கும். எரிந்த சூட்டுக் காற்று முதல் டர்பைனைச் சுழற்றுகிறது, அது உறிஞ்சும் சக்கரத்தையே மறுபடி ஓட்டுகிறது. மிச்சக் காற்று இரண்டாவது டர்பைனில் மோதுகிறது. காரின் சக்கரங்களுக்குப் போவது இந்த இரண்டாவதன் சுழற்சிதான், பல்சக்கரங்களால் வேகம் குறைக்கப்பட்டு. முதல் டர்பைன் நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கும் மேலே போகும். கிடைப்பது 150 குதிரைச் சக்தி. நடுவில் இருப்பது காற்று என்பதால் கிளட்ச் தேவையில்லை. முன்னால் போக ஒரே கியர், பின்னால் வர ஒன்று. அவ்வளவுதான்.

கேட்க ஓட்டுநருக்குச் சொர்க்கம் மாதிரி இருக்கிறது. 24 மணி நேரப் பந்தயத்தில் கியர் மாற்றி மாற்றி உள்ளங்கை கொப்புளிக்கும் வேலை இல்லை. ஆனால் மேஜை விசிறிச் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். முதல் விசிறியின் வேகத்தைக் கூட்டினால் இரண்டாவது உடனே கேட்குமா? கேட்காது. முதலாவது வேகம் பிடிக்க வேண்டும், காற்று பெருக வேண்டும், பிறகுதான். காரில் இந்தத் தாமதம் ஓரிரு விநாடி. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்பது 50 மீட்டர். வளைவு முடிந்து நேரே வரும்போது சக்தி வேண்டுமென்றால், வளைவுக்குள் நுழையும்போதே, வேகத்தைக் குறைக்க வேண்டிய அந்த நேரத்திலேயே, ஆக்சிலரேட்டரை மிதித்தாக வேண்டும். கொஞ்சம் முந்தி மிதித்தால் வளைவின் நடுவில் பின்சக்கரம் தள்ளும். பிந்தி மிதித்தால் சுற்று நேரம் போச்சு. ஒரு பிஸ்டன் காரில் கால் சொல்வதை எஞ்சின் கேட்கும். இதில் எஞ்சினுக்குக் கால் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது.

காலை எடுத்தாலும் சங்கடம். சாதாரணக் காரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே காரைப் பிடித்து இழுக்கும். இதில் இழுக்க யாரும் இல்லை. கிட்டத்தட்ட 6 கி.மீ. நீளும் முல்சான் நேர்பாதையில் மணிக்கு 225 கி.மீ.க்கும் மேலே போய்விட்டு, கடைசியில் வரும் செங்கோண வளைவுக்கு மொத்த வேகத்தையும் பிரேக் ஒன்றே தின்று தீர்க்க வேண்டும். 24 மணி நேரமும் இப்படியே.

பந்தயம் தொடங்கியது. ரத்தமும் நெருப்பும் அந்த ஆண்டு மற்ற கார்களுக்கு இருந்தன. மாலையில் புரூஸ் மெக்லாரனின் ஆஸ்டன் மார்ட்டின் எஞ்சின் முல்சான் பாதையில் வெடித்து எண்ணெயைக் கொட்டியது. பின்னால் வந்த கார்கள் வழுக்கி மோதின. பிரேசில் நாட்டு ஓட்டுநர் கிறிஸ்டியன் ஹைன்ஸ் தன் ஆல்பினில் இறந்துபோனார். மறுநாள், முன்னணியில் இருந்த சர்ட்டீஸ்–மேரெஸ் ஜோடியின் ஃபெராரி எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பியதும் தீப்பிடித்து நின்றது.

00க்கு ஒன்றுமே நடக்கவில்லை. பத்திரிகைக்காரருக்கு இதைவிடச் சோதனை வேறில்லை. சீழ்க்கை அடித்தபடி ஒரு கார் வருகிறது, போகிறது. நான்கு நிமிடத்துக்கும் மேல் கழித்து மறுபடி வருகிறது. பெட்ரோல் கார்கள் கர்ஜித்துக்கொண்டு பறக்கும் இருட்டில், பாதி தூக்கத்தில் இருந்த பார்வையாளர்கள் இந்தச் சீழ்க்கையை வைத்தே அது யார் என்று சொல்லியிருப்பார்கள். ஹில்லும் ஜிந்தரும் மாறி மாறி ஏறினார்கள், இறங்கினார்கள். எரிபொருள் நிரப்பினார்கள், நிரப்பினார்கள், மறுபடி நிரப்பினார்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு 00 முடித்திருந்தது 310 சுற்று. 4,172 கி.மீ.க்கும் மேல், சராசரி மணிக்கு சுமார் 173 கி.மீ. பரிசுக்குத் தேவையான 3,600 கி.மீ.யைத் தாண்டி 570 கி.மீ. அதிகம். முதல் ஆறு இடங்களும் ஃபெராரிக்குப் போயின. வென்ற ஸ்கார்ஃபியோட்டி–பாண்டினி ஜோடி ஓடியது 339 சுற்று. ஏழாவது ஒரு ஏசி கோப்ரா. 00ஐக் கணக்கில் சேர்த்திருந்தால் அதற்கு எட்டாம் இடம். தொடங்கிய கார்களில் பாதிக்கும் மேல் நடுவழியில் நின்றுபோன பந்தயம் இது என்பதையும், இந்த எஞ்சின் குடும்பக் காருக்கென்று செய்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், என் கணக்கில் அந்த ஆண்டின் மிகப் பெரிய சாதனை சிவப்பு நிறத்தில் இல்லை.

ஆனால் ரோவர் கேட்ட கேள்வி "ஓடுமா?" என்பது அல்ல. ஓடும் என்று யாபெக்கேயிலேயே தெரிந்துவிட்டது. வங்கி மேலாளர் இதை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போவாரா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் எரிபொருள் பீப்பாய்களில் இருந்தது. டர்பைன் பின்னால் தள்ளும் சூடு, காசைக் காற்றில் விடுவதுதான். முழு வேகத்தில் ஓடும்போதாவது பரவாயில்லை. கால் எடுத்து மெதுவாகப் போனாலும், சிக்னலில் நின்றாலும்கூட அந்த முதல் விசிறி பல்லாயிரம் சுற்றில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் சிக்னலில் நிற்பதில்லை. அதனால்தான் அங்கே ஜெட் ஜெயித்தது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. வெளியே போகும் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுப்பது. அதற்காக 1964க்கு இரண்டு பீங்கான் தட்டுகளைப் பொருத்தினார்கள். தேனடை போல நுண்ணிய துளைகள் நிறைந்த தட்டுகள். மெதுவாகச் சுழலும் தட்டின் ஒரு பாதி வெளியேறும் சூட்டில் குளிக்கும். சுழன்று வந்து உள்வரும் காற்றில் அந்தச் சூட்டை இறக்கிவைக்கும். வெந்நீர் அண்டாவைக் கவிழ்ப்பதற்கு முன் அதன் மேலேயே ஈரத்துணியைக் காயப்போடும் வீட்டுச் சிக்கனம்தான்; பொறியியல் மட்டும் மிகக் கடினம். காருக்குக் கூரை வைத்த புது உடலும் கிடைத்தது. வரைந்தவர் வில்லியம் டவுன்ஸ், பின்னாளில் ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டாவை வரைந்து உலகத்தை இரண்டு கட்சியாகப் பிரித்தவர். ஏப்ரல் சோதனை ஓட்டத்துக்கு லெ மான் போன கார், திரும்பும் வழியில் லாரிப் பயணத்தில் அடிபட்டது. 1964 பந்தயம் போயிற்று.

1965இல் இரட்டைப் பூஜ்ஜியம் போய் 31 என்ற எண் வந்தது. இப்போது முறையான போட்டியாளர். ஒரு சூத்திரம் போட்டு இரண்டு லிட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். ஹில்லுக்கு ஜோடி, அந்த ஆண்டுதான் பிஆர்எம்மில் சேர்ந்திருந்த ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற 26 வயது ஸ்காட்லாந்துப் பையன்.

இந்த முறை ஒன்றும் நடக்காமல் போகவில்லை. பந்தயத்தின் தொடக்கத்திலேயே மணல் உள்ளே போய்விட்டது. பிஸ்டன் எஞ்சினுக்குச் சின்னத் தொந்தரவு. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் சக்கரத்துக்கு அது அரம். இறகுகளின் ஓரங்கள் சிதைந்தன, எஞ்சின் சூடேறியது. இனி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். முந்த வேண்டும் என்றே பிறந்த இரண்டு பேர், ஒரு முள் சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது என்பதற்காக 20 மணி நேரத்துக்கும் மேல் காலை அடக்கிக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஆண்டு ஃபோர்டின் ஏழு லிட்டர் ராட்சதர்களில் ஒன்றுகூடக் கடைசி வரை வரவில்லை. ஃபெராரி தொழிற்சாலைக் குழுவின் கார்களும் தேய்ந்து விழுந்தன. கிரெகரியும் ரிண்ட்டும் ஒரு தனியார் குழுவின் ஃபெராரியில் வென்றார்கள். அடிபட்ட விசிறியோடு ரோவர் 284 சுற்று ஓடிப் பத்தாவதாக வந்தது. முடித்த பிரிட்டிஷ் கார்களில் அதுதான் முதல். பீங்கான் தட்டுகளும் தங்கள் வேலையைச் செய்திருந்தன: லிட்டருக்கு சுமார் 4.8 கி.மீ. 1963இன் தாகத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்.

அத்தோடு ரோவர் லெ மானிலிருந்து கிளம்பியது. திரும்பி வரவில்லை.

தோற்றதால் அல்ல என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அமெரிக்காவில் கிறைஸ்லர் இதே ஆண்டுகளில் 50 டர்பைன் கார்களைச் செய்து, 200க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று மாதம் இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்டது. வருடக்கணக்கில் நடந்த அந்த ஆராய்ச்சி சொன்ன பதிலை லெ மான் இரண்டு வார இறுதிகளில் சொல்லிவிட்டது. எஞ்சின் உடையாது. ஆனால் எண்ணெய் குடிக்கும், சொன்னதைத் தாமதமாகக் கேட்கும், அந்தச் சூட்டைத் தாங்க நிக்கல் கலந்த விலை உயர்ந்த உலோகங்கள் வேண்டும். 1963 அக்டோபரில் ரோவர் 2000 என்ற புதுக் கார் கடைக்கு வந்தபோது உள்ளே இருந்தது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 31ஆம் எண் கார் இன்று இங்கிலாந்தில் கேடன் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆனால் அந்த ஓரிரு விநாடித் தாமதம் இன்னொருவரைத் தூங்கவிடவில்லை. அமெரிக்கப் பந்தயக்காரர் ரே ஹெப்பன்ஸ்டாலுக்கு ஒரு யோசனை. முதல் விசிறியை எப்போதும் வேகமாகவே சுழலவிட்டால் என்ன? சக்தி தேவையில்லாத நேரத்தில் சூட்டுக் காற்றை இரண்டாவது விசிறிக்கு அனுப்பாமல், ஒரு கதவைத் திறந்து வெளியே விட்டுவிடலாம். தேவைப்பட்டதும் கதவை மூடினால் போதும். டர்பைன் பாகங்களை வார்த்துக் கொடுக்கும் ஹௌமெட் கம்பெனி பணம் கொடுத்தது. ராணுவ ஹெலிகாப்டருக்கென்று செய்து, ஒப்பந்தம் கைக்கு வராமல் போன எஞ்சின்கள் இரவலாகக் கிடைத்தன. ஓட்டுநர்களில் ஒருவர் வாஷிங்டனில் பல் மருத்துவர். 1968 பிப்ரவரியில் டேட்டோனாவில் முதல் ஓட்டம். நன்றாகத்தான் ஓடியது, ஒரு வளைவில் திறக்க வேண்டிய கதவு திறக்காமல் போய்க் கார் சுவரில் மோதும் வரை.

அடித்த நெளிவை எடுத்து, காரைக் கப்பலேற்றி, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு மணி நேரப் பந்தயம். தேதி 1968 ஏப்ரல் 7, ஞாயிறு. பந்தய உலகம் அந்தத் தேதியை மறக்கவே இல்லை, ஆனால் ஹௌமெட்டுக்காக அல்ல. அன்று மதியம் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில், மரங்களுக்கு நடுவே, ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் சாலையை விட்டு விலகியது.

(தொடரும்)